பெயருண்டு, உரிமையில்லை: யுஸ்டினுஸ் ஃபான் நசாவின் படைத்தலைமையும் பிரேடா கோட்டைக் காவலும் (1559–1631)

ஆய்வுச்சுருக்கம்

நெதர்லாந்து விடுதலைப் போரின் தலைவரான ஆரஞ்சு வில்லியமுக்குச் சட்டமுறை மணத்திற்கு வெளியே பிறந்தவர் யுஸ்டினுஸ் ஃபான் நசாவ். ஸீலாந்து மாகாணக் கடற்படையின் லெப்டினன்ட்-அட்மிரலாக 16 ஆண்டுகளும், பிரேடா கோட்டையின் ஆளுநராக 24 ஆண்டுகளும் அவர் பணியாற்றினார். இன்று அவர் பெரிதும் அறியப்படுவது வெலாஸ்கஸ் தீட்டிய ‘பிரேடாவின் சரணாகதி’ ஓவியத்தில் சாவியை நீட்டும் தோற்றவராகவே. அவ்வோவியத்தின் நிழலிலிருந்து அவரை மீட்டு, அவரது பிறப்புநிலை அவர் வகித்த பதவிகளின் தன்மையை எவ்வாறு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குடும்பச் சொத்தின்மேல் எவ்வகை உரிமையும் கோர இயலாத நிலையே அச்சொத்தைக் காக்கும் பொறுப்பை அவரிடம் நம்பி ஒப்படைக்கக் காரணமாயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: யுஸ்டினுஸ் ஃபான் நசாவ், ஆரஞ்சு வில்லியம், ஸீலாந்துக் கடற்படை, ஆர்மடா, பிரேடா முற்றுகை, ஸ்பினோலா, வெலாஸ்கஸ்.

முன்னுரை

பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் வரலாற்றைப் பயில்வோருக்கு டச்சுக்காரர் வணிகராகவும் கோட்டை கட்டியவர்களாகவும் அறிமுகமானவர்கள். 1602ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு உரிமைப் பட்டயம் வழங்கிய அமைப்பு ஸ்டேட்ஸ்-ஜெனரல் என்னும் மாகாணங்களின் பேரவையாகும். அப்போது அப்பேரவை ஸ்பானியப் பேரரசுக்கெதிராகத் தன் இருப்பிற்கே போராடிக்கொண்டிருந்தது. 1568 முதல் 1648 வரை நீண்டமையால் எண்பதாண்டுப் போர் எனப்படும் அப்போராட்டத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 40 ஆண்டுகள் இடைவிடாது பொறுப்பு வகித்தவர் யுஸ்டினுஸ் ஃபான் நசாவ்.

டச்சு வரலாற்று நூல்கள் அவருடைய தந்தையையும் ஒன்றுவிட்ட தம்பியர் இருவரையும் விரிவாகப் பேசுகின்றன. யுஸ்டினுஸ் அந்நூல்களில் ஒரு பத்தியிலோ அடிக்குறிப்பிலோ வந்து மறைகிறார். கலை வரலாற்று நூல்களில் அவர் முகம் உண்டு. ஆயின் அங்கும் அவர் வென்றவனின் பெருந்தன்மையைக் காட்டுவதற்கான கருவியாகவே நிற்கிறார்.

பிறப்பும் பெயரும்

யுஸ்டினுஸ் பிறந்த ஆண்டு 1559. வில்லியமின் முதல் மனைவி அன்னா 1558இல் இறந்துவிட்டார். இரண்டாம் மனைவியான சாக்சனியின் அன்னாவை வில்லியம் 1561 ஆகஸ்டில் லைப்சிக் நகரில் மணந்தார். இடைப்பட்ட காலத்தில் பிரபுக் குலத்தைச் சாராத ஏவா எலின்க்ஸ் என்னும் பெண்ணிடம் பிறந்தவரே யுஸ்டினுஸ். வில்லியம் அக்குழந்தையைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டார். தன் பிற மக்களோடு வளர்த்தார். தான் 1575இல் நிறுவிய லெய்டன் பல்கலைக்கழகத்தில் கற்கச் செய்தார். ‘நசாவ்’ என்னும் குலப்பெயரையும் வழங்கினார். ‘ஆரஞ்சு’ என்பது இளவரசுப் பட்டம். அது முறைப்படி பிறந்த வாரிசுகளுக்கு மட்டுமே உரியது. பெயருக்கும் பட்டத்திற்குமான இவ்வேறுபாடு யுஸ்டினுஸின் வாழ்வு முழுவதும் தொடர்ந்தது.

முறைசாராப் பிறப்பு அக்காலத்து நெதர்லாந்தில் மறைக்கப்பட வேண்டிய செய்தியாக இருந்தது எனக் கொள்வது பொருந்தாது. 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டிக் கோமகன் குலத்தின் அந்துவான் ‘பெரும் பாஸ்டர்ட்’ என்பதையே தன் சிறப்புப் பெயராகக் கொண்டிருந்தார். யுஸ்டினுஸ் பிறந்த 1559ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தின் ஆட்சித்தலைவியாகப் பொறுப்பேற்ற பார்மாவின் மார்கரெட், பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகள். அதே பேரரசருக்கு அவ்வாறே பிறந்த ஆஸ்திரியாவின் டான் ஜான், 1571இல் லெப்பாந்தோ கடற்போரை வென்று, 1576இல் நெதர்லாந்தின் ஆளுநரானார். ஸ்பானிய அரசகுலம் தன் முறைசாராப் பிள்ளைகளை நாடாளவே அனுப்பியது. நசாவ் குலமோ தன் பிள்ளைக்குப் படைத்தலைமையைத் தந்து, ஆட்சித் தலைமையிலிருந்து விலக்கியே வைத்தது.

1584 ஜூலை 10ஆம் நாள் டெல்ஃப்ட் நகரில் வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. மூத்த மகன் பிலிப் வில்லியம் 1568இல் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து கவர்ந்து செல்லப்பட்டு ஸ்பெயினில் இருந்தார். அடுத்த முறைமகன் மௌரிட்சுக்கு வயது 16. யுஸ்டினுசோ 24 வயதை எட்டியவர், கல்வி கற்றவர், நாட்டிலேயே இருந்தவர். ஆயினும் ஸ்டாட்ஹவுடர் பதவிக்கு அவர் பெயர் உரியதாகக் கருதப்படவில்லை. அடுத்த ஆண்டில் மௌரிட்சே ஹாலந்து, ஸீலாந்து மாகாணங்களின் ஸ்டாட்ஹவுடரானார். இதனை எதிர்த்து யுஸ்டினுஸ் தனக்கென ஓர் அணி திரட்டவில்லை. எட்டு வயது இளையவரான தம்பியின் கீழ் 40 ஆண்டுகள் பணியாற்றினார். இது தனிமனிதப் பண்பா, அல்லது வேறு வழியின்மையா என்னும் வினா எழலாம். அவர் நிலையில் இருந்த ஒருவருக்கு அவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவையே எழுந்திராது.

ஸீலாந்தின் லெப்டினன்ட்-அட்மிரல்

1585 பிப்ரவரியில் ஸீலாந்துக் கடற்படையின் லெப்டினன்ட்-அட்மிரலாக யுஸ்டினுஸ் அமர்த்தப்பட்டார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த டிரெஸ்லோங் பதவி நீக்கப்பட்டதே அதற்குக் காரணம். அப்போது அன்ட்வெர்ப் நகரம் பார்மாக் கோமகன் அலெக்சாண்டர் ஃபர்னேசேயின் முற்றுகையில் இருந்தது. ஷெல்ட் ஆற்றின் குறுக்கே பார்மா கட்டியிருந்த படகுப் பாலம் கடல்வழி உதவியை அடைத்து நின்றது. 1585 மே மாதம் கௌவென்ஸ்டைன் கரையைக் கைப்பற்றி வெள்ளநீர் வழியே படகுகளைச் செலுத்தும் முயற்சியில் ஹோஹென்லோ கோமானுடன் யுஸ்டினுசும் பங்கேற்றார். கரை சில மணிநேரம் கைக்கு வந்து மீண்டும் பறிபோயிற்று. ஆகஸ்ட் 17ஆம் நாள் அன்ட்வெர்ப் வீழ்ந்தது. புதிய தளபதியின் பணி இவ்வாறு தோல்வியில் தொடங்கியது.

மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் எதிர்கொண்டதும் அதே பார்மாவைத்தான். பார்மா, மேலே குறிப்பிட்ட மார்கரெட்டின் மகன். பேரரசரின் முறைசாராக் கிளையில் வந்த பேரன். 1588இல் ஃபிளாண்டர்ஸ் கடற்கரையில் நேரெதிர் நின்ற படைத்தலைவர் இருவருமே இத்தகைய பிறப்பு மரபோடு தொடர்புடையவர்கள் என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சுட்டுவதில்லை.

ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் திட்டம் எளிமையானது. மெடினா சிடோனியாக் கோமகன் தலைமையிலான ஆர்மடா என்னும் பெருங்கடற்படை ஆங்கிலக் கால்வாய்க்குள் வரவேண்டும். டன்கிர்க், நியூபோர்ட் துறைகளில் காத்திருக்கும் பார்மாவின் தரைப்படை தட்டையடிப் படகுகளில் ஏறி, ஆர்மடாவின் பாதுகாப்பில் இங்கிலாந்தில் இறங்கவேண்டும். இத்திட்டத்தின் ஓட்டை அக்கடற்கரையின் அமைப்பிலேயே இருந்தது. ஃபிளாண்டர்ஸ் கடற்கரைக்கு முன் மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆர்மடாவின் பெருங்கப்பல்கள் ஆழமான நீரில் மட்டுமே மிதக்கக்கூடியவை. டன்கிர்க்கை அவை நெருங்க இயலாது. யுஸ்டினுஸின் ‘ஃபிலீபோட்’ எனப்பட்ட சிறு போர்க்கலங்களோ ஆழமற்ற நீருக்கெனக் கட்டப்பட்டவை. திட்டுகளுக்கும் கரைக்கும் இடையே அவை தங்கு தடையின்றி உலவின. பார்மாவின் படகுகள் பெரும்பாலும் பீரங்கியற்ற போக்குவரத்துப் படகுகள். காவலின்றி வெளிவந்தால் அவற்றில் ஏறிய படை அழியும். காவல் தரவேண்டிய கப்பல்களோ கரையை நெருங்க முடியாதவை. ஆகவே ஆர்மடா கலே துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோதும் பார்மாவால் கடலில் இறங்க இயலவில்லை. ஆங்கிலேயர் ஏவிய தீக்கப்பல்களும், ஆகஸ்ட் 8ஆம் நாள் நடந்த கிராவலின் போரும், பின்னர் வீசிய புயல்களும் ஆங்கில வரலாற்று மரபில் பெரிதும் கொண்டாடப்படுகின்றன. அவற்றுக்கு முன்பே, இரு ஸ்பானியப் படைகளும் ஒன்றுசேர முடியாமற் செய்தது டச்சு முற்றுகையேயாகும்.

இம்முற்றுகையின்போது ஆங்கிலத் தளபதிகள் யுஸ்டினுஸின்மீது ஐயம் கொண்டிருந்தனர். கால்வாயின் குறுகிய பகுதியைக் காத்துநின்ற ஹென்றி சீமோர் பிரபு, டச்சுக் கலங்கள் கண்ணுக்குத் தென்படவில்லை எனக் குறைகூறினார். ‘ஆர்மடா’ (1959) என்னும் நூலின் ஆசிரியர் காரெட் மாட்டிங்லி இதற்கு வேறு விளக்கம் தருகிறார். பார்மாவைத் துறைக்குள் அடைத்து வைப்பதைவிட, அவர் துணிந்து வெளியே வந்தபின் நடுக்கடலில் அழிப்பதே யுஸ்டினுஸின் விருப்பம். அதனாலேயே அவர் தம் கலங்களை விலக்கி வைத்திருந்தார். ஆங்கிலக் கப்பல்களின் நடமாட்டம் அவருக்கு இடையூறாகவே இருந்தது என்பது மாட்டிங்லியின் கருத்து. இக்கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. அன்ட்வெர்ப்பில் பார்மாவின் பாலத்தை உடைக்க முயன்று தோற்றவருக்கு, பார்மா தரையில் வலியவர், நீரில் வலிமையற்றவர் என்பது பட்டறிவால் தெரிந்திருக்கும்.

கிராவலின் போருக்குப்பின் சேதமுற்ற சான் ஃபெலிப்பே, சான் மத்தேயோ என்னும் இரு போர்ச்சுகீசியப் பெருங்கப்பல்கள் ஃபிளாண்டர்ஸ் கரையோரத்தில் தரைதட்டின. டச்சுக்காரர் இரண்டையும் கைப்பற்றினர். சான் மத்தேயோவின் தலைவர் தியேகோ பிமென்டெல் சிறைப்பட்டார். அக்கப்பலைப் பிடித்த பீட்டர் ஃபான் டெர் டூஸ் அதன் பெருங்கொடியைத் தன் ஊரான லெய்டனுக்குக் கொண்டுசென்று புனித பேதுரு தேவாலயத்தில் தொங்கவிட்டார். அக்கொடி இன்று அந்நகரின் லாக்கென்ஹால் அருங்காட்சியகத்தில் உள்ளது. யுஸ்டினுஸின் பெயரால் அத்தகைய நினைவுப்பொருள் ஏதும் பேசப்படுவதில்லை. முற்றுகை என்பது எதிரியை வரவிடாமல் தடுப்பது. நடவாமற்போன ஒன்றுக்குக் கொடியும் இல்லை, ஓவியமும் இல்லை.

பிரெஞ்சுத் தூது

1597இல் தென்னெதர்லாந்தின் பழம்பெரும் பிரபுக் குலமான மெரோடைச் சேர்ந்த அன்னாவை யுஸ்டினுஸ் மணந்தார். தந்தையின் ஏற்பு சமூக அளவில் முழுமையாகச் செல்லுபடியாயிற்று என்பதற்கு இம்மணமே சான்று. மறு ஆண்டில் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி ஸ்பெயினுடன் தனியே சமாதானம் செய்துகொள்வதைத் தடுக்க, யோகான் ஃபான் ஓல்டன்பார்னவெல்ட்டுடன் அவர் தூது சென்றார். அத்தூதுக் குழுவோடு சென்ற 15 வயதுச் சிறுவனே பின்னாளில் பன்னாட்டுச் சட்டத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஹியூகோ குரோஷியஸ். தூது நோக்கம் நிறைவேறவில்லை. 1598 மே மாதம் வெர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பிரேடா: தந்தையின் வீடு

1601இல் யுஸ்டினுஸ் பிரேடாவின் ஆளுநரானார். எல்லைக் கோட்டைகள் பலவற்றுள் ஒன்றாக மட்டும் பிரேடாவைக் கருதினால் இப்பதவியின் பொருள் விளங்காது. 1403இல் முதலாம் எங்கல்பெர்ட், பொலானன் குலத்து யோஹன்னாவை மணந்தது முதல் பிரேடா நசாவ் குலத்தின் நெதர்லாந்துத் தலைமையிடம். அக்குலத்தின் கல்லறைகள் அவ்வூர்ப் பெருந்தேவாலயத்தில் உள்ளன. 1536 முதல் மூன்றாம் ஹென்றி அங்கு எழுப்பிய இத்தாலியப் பாணி அரண்மனையில் இப்போது டச்சு அரசப் படைத்துறைக் கழகம் இயங்குகிறது. வில்லியம் ‘பிரேடாப் பிரபு’ என்னும் பட்டம் உடையவர். யுஸ்டினுஸ் பிறந்த காலத்தில் வில்லியமின் முதன்மையான இல்லங்களுள் அது ஒன்று. 1581இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த அந்நகரை 1590 மார்ச்சில் மௌரிட்ஸ் மீட்டார். பீட் என்னும் சதுப்புநில எரிமண் கட்டிகளை ஏற்றிவந்த படகின் அடியில் 70 வீரர்களை ஒளித்துக் கோட்டைக்குள் செலுத்திய அச்சூழ்ச்சி டச்சுக் குழந்தைகளும் அறிந்தது. கோட்டையைக் கோட்டைவிட்ட காவற்படை அதிகாரிகள் சிலருக்குப் பார்மா மரண தண்டனை விதித்தார். டச்சுத் தரப்பும் இதில் சளைத்ததன்று. 1586இல் கிராவ் நகரைச் சரணளித்த ஹெமெர்ட் பிரபுவை லெஸ்டர் கோமான் தலைவெட்டச் செய்தார். ஒரு கோட்டையை ஒப்படைப்பது அதன் ஆளுநருக்கு உயிரையே விலையாகக் கேட்கக்கூடிய செயல் என்பது 1625ஐ எடைபோடும்போது நினைவில் இருத்த வேண்டியதாகும்.

படகில் ஒளிந்து நகரைப் பிடித்த எரோஜியேர் தன் இறப்பு வரை அங்கு ஆளுநராக இருந்தார். அவருக்குப்பின் அவ்விடத்திற்கு யுஸ்டினுஸ் வந்தார். சட்டப்படி பிரேடாவின் உடைமையாளர் மூத்த முறைமகனான பிலிப் வில்லியமே. ஸ்பெயினில் வளர்ந்து கத்தோலிக்கராகத் திரும்பிய அவர், 12 ஆண்டுப் போர்நிறுத்தம் 1609இல் தொடங்கிய பின்னர், 1610 ஜூலையில் முறைப்படி பிரேடாவுக்குள் நுழைந்தார். நகர நிர்வாகிகளை அமர்த்தினார். அங்குக் கத்தோலிக்க வழிபாட்டுக்கு மீண்டும் இடமளித்தார். கோட்டையும் காவற்படையுமோ ஸ்டேட்ஸ்-ஜெனரலுக்கு உண்மையுள்ள சீர்திருத்தச் சபையினரான யுஸ்டினுஸின் கையில் இருந்தன. ஒரே தந்தையின் மக்கள் இருவர். ஒருவருக்கு ஊர், மற்றவருக்கு அதன் மதில். சமயத்தாலும் சார்பாலும் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் 1618இல் பிலிப் வில்லியம் இறக்கும்வரை பெரும் பூசலின்றி இயங்கினர். பிரபுவுரிமைக்கு உரிமை கோரக்கூடிய மற்றொரு முறைமகன் ஆளுநராக இருந்திருந்தால் இவ்விணக்கம் அரிதாகியிருக்கும். மௌரிட்சும் ஸ்டேட்ஸ்-ஜெனரலும் யுஸ்டினுஸை அவ்விடத்தில் தொடர்ந்து வைத்திருந்ததன் உட்பொருள் இதுவே: அவர் குலத்தவர், ஆனால் போட்டியாளர் அல்லர்.

முற்றுகை (1624–1625)

1621இல் போர் மீண்டும் மூண்டது. ஸ்பானியத் தளபதி அம்புரோசியோ ஸ்பினோலா ஜெனோவாவின் வணிகச் செல்வக் குடியில் பிறந்தவர். 1622இல் பெர்கன்-ஓப்-சோம் நகரைப் பிடிக்க முயன்று தோற்றுப் பெயரிழந்திருந்தார். 1624 ஆகஸ்ட் இறுதியில் அவர் பிரேடாவைச் சூழ்ந்தார். மதில்களைத் தாக்கிக் குருதி சிந்துவதைத் தவிர்த்து, நகரைச் சுற்றி இரட்டை அரண் வளையம் எழுப்பிப் பட்டினியால் பணியவைப்பது அவர் திட்டம். உள்வளையம் நகரத்தாரை அடைத்தது. வெளிவளையம் மீட்புப் படையைத் தடுத்தது. 1588இல் டன்கிர்க் கரையில் யுஸ்டினுஸ் பார்மாவுக்குச் செய்ததைத் தரையில் ஸ்பினோலா யுஸ்டினுசுக்குச் செய்தார்.

கோட்டைக்குள் டச்சுக்காரரோடு ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைப்பிரிவுகளும் இருந்தன. நகர மக்களுக்கும் படையினருக்கும் உணவைப் பங்கிட்டு மாதங்களைக் கடத்துவதே ஆளுநரின் முதன்மைப் பணியாயிற்று. குளிர்காலத்தில் ஸ்கர்வி நோய் பரவியது. முற்றுகைக்குள் இருந்த மருத்துவர் ஃபிரெடரிக் ஃபான் டெர் மைய இதனைப் பற்றி 1627இல் இலத்தீனில் நூல் எழுதினார். ஆரஞ்சு இளவரசர் அனுப்பியதாகச் சிறு குப்பிகளில் மருந்து வழங்கப்பட்டது. சில துளிகளே பெருமளவு நீரை மருந்தாக்கும் எனச் சொல்லப்பட்டது. படுக்கையில் கிடந்த வீரர் பலர் எழுந்து நடந்தனர் என்பது அவர் தரும் செய்தி. குப்பிகளில் நோய்தீர்க்கும் பொருள் ஏதும் இல்லை. மருத்துவ வரலாற்றாசிரியர் இதனை நம்பிக்கையால் நோய்தணியும் விளைவுக்கான தொடக்காலச் சான்றாகக் காட்டுவர். முற்றுகை வரலாற்றில் அதற்கு வேறு பொருளும் உண்டு: உள்ளிருந்தோர்க்கு வெளியிலிருந்து கிடைத்தது இளவரசரின் பெயர் மட்டுமே.

மௌரிட்சின் மீட்பு முயற்சிகள் பலிக்கவில்லை. மார்க் ஆற்றைத் தேக்கி ஸ்பினோலாவின் பாசறைகளை மூழ்கடிக்கும் திட்டமும் கைகூடவில்லை. 1625 ஏப்ரல் 23ஆம் நாள் மௌரிட்ஸ் இறந்தார்; தம்பி ஃபிரெடரிக் ஹென்றி தலைமை ஏற்றார். மே மாதம் டெர்ஹெய்டன் அருகே ஆங்கிலப் படைப்பிரிவுகள் நடத்திய தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. மீட்புப்படை வரப்போவதில்லை என்பது உறுதியான பின்னரே யுஸ்டினுஸ் பேச்சுக்கு இசைந்தார். ஜூன் 2ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 5ஆம் நாள் காவற்படை படைக்கலங்களோடும் விரித்த கொடிகளோடும் முரசொலியோடும் வெளியேறியது. ஒன்பது மாதப் பட்டினிக்குப்பின் பெற்ற இவ்விதிகள் அக்காலப் போர்முறையில் மிக மதிப்பானவை. ஹெமெர்ட் பிரபுவுக்கு நேர்ந்தது யுஸ்டினுசுக்கு நேரவில்லை.

ஓவியமும் வரலாறும்

ஸ்பினோலாவின் பாசறையில் இருந்த இயேசு சபைத் துறவி ஹெர்மன் ஹூகோ 1626இல் இம்முற்றுகையின் வரலாற்றை அன்ட்வெர்ப்பில் வெளியிட்டார். நரைத்த தலையினரான ஆளுநரையும் அவர் மனைவி மக்களையும் ஸ்பினோலா மதிப்போடு வணங்கி வழியனுப்பியதை அவர் பதிவு செய்கிறார். வெலாஸ்கஸின் ஓவியத்தில் மையமாக விளங்கும் சாவி, கால்தெரோனின் ‘பிரேடா முற்றுகை’ என்னும் நாடகத்தின் வழி வந்தது எனக் கலை வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

வெலாஸ்கஸ் நெதர்லாந்துக்குச் சென்றவர் அல்லர். ஸ்பினோலாவோடு 1629இல் இத்தாலிக்குக் கப்பலில் பயணம் செய்தவர். ஆகவே வென்றவரின் முகம் அவர் நேரில் கண்டது. யுஸ்டினுஸின் முகமோ அவரது கற்பனைக்கோ பிறர் படைத்த படங்களுக்கோ கடன்பட்டது. 1634–35இல் மாட்ரிட் புவென் ரெத்திரோ அரண்மனையின் அரசவை மண்டபத்திற்கென வரையப்பட்ட 12 வெற்றி ஓவியங்களுள் இதுவும் ஒன்று. குனிந்து சாவி நீட்டும் யுஸ்டினுஸின் தோளில் ஸ்பினோலா கைவைத்துத் தடுக்கிறார். தோற்றவரை இழிவுபடுத்தாத ஓவியம் எனப் போற்றுவோர் கருத்து சரியே. எனினும் அக்குனிவு ஒன்றே 40 ஆண்டுப் பணிக்கு அடையாளமாக நிலைத்துவிட்டது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். டன்கிர்க் கடலில் நின்ற தளபதியும், கத்தோலிக்க அண்ணனோடு ஒரே ஊரைப் பகிர்ந்த ஆளுநரும் அந்தச் சட்டகத்திற்கு வெளியே இருக்கின்றனர்.

யுஸ்டினுஸ் லெய்டனுக்குத் திரும்பி 1631 ஜூன் 26ஆம் நாள் அங்கே இறந்தார். அவரால் உருவான வழி நசாவ் குலத்தில் தொடர்ந்தது. திருமணமே செய்துகொள்ளாத மௌரிட்சின் மகனான லெக் பிரபு வில்லியம், ஹாலந்தின் லெப்டினன்ட்-அட்மிரலாகி 1627இல் குரோல் முற்றுகையில் கொல்லப்பட்டார். ஃபிரெடரிக் ஹென்றியின் மகனான சைலஸ்டைன் பிரபு, 1672இல் வூர்டன் அருகே பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தார். இருவருமே மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்கள்; இருவருக்கும் படைப்பதவி கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை.

பிரேடாவை 1637 அக்டோபரில் ஃபிரெடரிக் ஹென்றி மீட்டார். மாட்ரிட் மண்டபத்தில் வெலாஸ்கஸின் ஓவியம் இடம்பெற்று அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.